மாசியில் தண்ணீர் இருக்குமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வரைபட வேலை பார்க்கிறேன். பாதி நாள் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்கு முன்னால், மீதி நாள் ஊற்று தேடி ஜீப் போகாத ஊர்களில். செயற்கைக்கோள் படமே கையில் இருக்கும்போது எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்பவர்கள் உண்டு.

நாங்கள் அதிகம் எடுத்தாள்வது சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள்; அவை இலவசம். அதில் ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். இங்கே ஓர் ஊருக்கே குடிதண்ணீர் கொடுக்கும் ஊற்று சில இடங்களில் ஓர் அண்டா அகலம்தான். அதன்மேல் சோலை மரங்கள் வேறு கவிந்திருக்கும். 1:50,000 அளவுள்ள சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது 50 மீட்டர். அதில் எங்கே போய்த் தேடுவது? ஆகவே ஜிபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். குறுகலான பள்ளங்களில் அதுவும் தடுமாறும். பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னலால் புள்ளி இங்கும் அங்கும் தாவும்.

ஓர் இருளர் ஊரில் சமுதாயக்கூடத் தரையில் பெரிய தாளை விரித்தோம். வழக்கம்போல வடக்கு மேலே. பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பாட்டி எழுந்து தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். அந்த ஊருக்கு மலை தெற்கே, சரிவு வடக்கே. உச்சி மேலே வந்ததும் பேச்சு பிடித்துக்கொண்டது.

“இது பாறைக்குக் கீழே இருக்கிற தண்ணிதானே?”

“அது மாசியிலேயே வத்திப்போகுமே அக்கா.”

“முன்னே வத்தாது. மேலே சீகை மரம் மண்டின அப்புறம்தான்.”

சீகை என்று இங்கே சொல்வது வெளியிலிருந்து வந்த வாட்டில் மரத்தை. அன்று கிளம்பிய வாக்குவாதத்தில்தான் என் அட்டவணையில் புதிய பத்திகள் முளைத்தன: மாசியில் தண்ணீர் இருக்குமா, எத்தனை வீடு எடுக்கிறது, யானை வருமா.

தேன் பாறைகள் விஷயம் வேறு. “அதைப் போடாதே தம்பி, நாளைக்கே சவாரி ஜீப் வந்து நிக்கும்” என்றார் தேனெடுக்கும் பெரியவர் ஒருவர். போடவில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி சமூக வன வளத்துக்கு, அதாவது ஊர் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டுக்கு, உரிமை கோர எல்லையைக் காட்ட வேண்டும்தான். ஒவ்வொரு பாறையையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. எதைக் காட்டலாம் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். வரைபடக் கோப்பின் ஒரு பிரதியும் ஊரிடம் இருக்க வேண்டும். எங்கள் துறையில் இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கணினியை மட்டம் தட்டவும் மாட்டேன். ஊற்றுக்கு மேலே சரிவின் குறுக்கே குழி வெட்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்கலாம் என்று ஊரார் சொன்னார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எல்லாச் சரிவுக்கும் பொருந்தாது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊறிய மண் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உயரத் தரவிலிருந்து சரிவின் கோணத்தைக் கணக்கிட்டு, இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலச்சரிவு அபாய வரைபடத்தையும் ஊற்றுப் புள்ளிகள்மேல் ஏற்றிப் பார்த்தோம். ஊரார் கேட்ட இடங்களில் சில செங்குத்தாக இருந்தன. கூட்டத்தில் சண்டை போட்டே அவற்றை விட்டோம். மீதியைக் கிராம சபையில் வைத்து நூறு நாள் வேலையில் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் அதிகம் வரும் ஊற்றை முதலில் எடுக்கலாம் என்றேன், பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பட்டியலில் முதலில் நிற்பது, மெலிசாகக் கசிந்தாலும் பங்குனி வரை வற்றாத ஒன்று.