ஒலிவாங்கிக்கு முன்னும் குசினிக்குள்ளும்

2021 ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் மருத்துவமனையில் உயிரிழந்தபோது, எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் நகரங்களிலும் மக்கள் பதாகைகளோடு வீதிக்கு வந்தார்கள். அந்தக் கோபம் பொய்யானதல்ல. சிறுவரை வேலைக்கு அமர்த்தக்கூடாது என்று முழங்கியவர்கள் அதை மனதார நம்பித்தான் முழங்கினார்கள். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. 16 வயது வரை கட்டாயக் கல்வி என்பது 2016 முதலே விதியாக இருந்தது. சட்டத்திலும் குறையில்லை, மேடையிலும் குறையில்லை.

அப்படி மேடையேறிப் பேசிய ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு அதே மாதத்தில் போயிருந்தேன். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த காலம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியும் இல்லை, சிக்னலும் இல்லை என்று அவர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பதின்மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை தேநீர் கொண்டுவந்தாள். கோப்பைகளை வைத்துவிட்டுத் திரும்பியவள், ஆசிரியரின் மகள் இணையவழி வகுப்பில் இருந்த மேசைக்குப் பின்னால் தட்டைப் பிடித்தபடி சற்று நின்று, திரையில் ஓடிய கணக்கைப் பார்த்தாள். உள்ளேயிருந்து கூப்பிட்டதும் குசினிக்குப் போய்விட்டாள். நான் கேட்காமலேயே ஆசிரியர், "இவள் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றார்.

அவரை வேடதாரி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடைவிலகிய எத்தனையோ பிள்ளைகளை தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஏறி இறங்கி மீண்டும் பள்ளியில் சேர்த்தவர் அவர். ஆனால் அந்த உழைப்பெல்லாம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே தவிர, அவருடைய வீட்டு வசதியில் எதையும் குறைக்கவில்லை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற அந்த வீட்டில் சமைக்க ஆளில்லாமல் போவதுதான் அவருடைய கொள்கை அவரிடம் கேட்ட முதல் விலை. அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

எங்கள் மேல் லயத்தில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுவாரே ஒழிய, கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. சிறுவர் உரிமை பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். நிர்ணயித்த கிலோ சேராமல் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம் மட்டும், விழுகிற நாட்களில் கடைக் கடன் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், கொழும்பு வீட்டுக்கு ஆள் பிடிக்கும் தரகர் முன்பணத்தோடு வந்து அவருடைய இளைய மகளைக் கேட்டார். அக்கா மறுத்துவிட்டு, காதுத் தோட்டை அடகுவைத்து ஒரு பழைய கைத்தொலைபேசி வாங்கினார். லயத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால், மலையிலிருந்து இறங்கிய கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறுவார். மழை வந்தால் கொழுந்து எடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைப் பிள்ளையின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தத் தோட்டை இன்னும் மீட்கவில்லை.

அக்காவின் மகள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறிவிட்டாள். மறுபடி எழுத விண்ணப்பித்திருக்கிறாள்.