ஈ.சி.ஆர். சைக்கிள் நாட்குறிப்பு: ஜூலை 2025

ஜூலை 2, புதன்

ஞாயிறு விடிகாலையில் திருவான்மியூரில் கிளம்பி முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று மிதித்துப் போகிறவர்களுக்குக் கார்க்காரர்கள் மேல் நிறையக் கோபம் உண்டு. நியாயமான கோபம்தான். ஆனால் இந்த மாதக் குறிப்புகள் சைக்கிள்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் நடுவில் நடப்பதைப் பற்றியவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் போகிறது. இருபுறமும் தண்ணீர் கேன் தொங்கும் 22 அங்குலப் பழைய சைக்கிள் போகிறது. ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பிள்ளைகள் போகிறார்கள். இவர்களில் யாரிடம் வேகமும் நல்ல பிரேக்கும் நல்ல விளக்கும் இருக்கிறதோ, அவர்தான் வழிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றவர் நினைத்தாலும் விட முடியாது.

ஏன் முடியாது? பழைய சைக்கிளில் இருப்பது ராடு பிரேக். கட்டை ரிம்மின் உள்பக்கத்தை அழுத்தும். ரிம் ஸ்டீல், நனைந்துவிட்டால் கட்டை வழுக்கிக்கொண்டே போகும், நின்று தொலைய மாட்டாது. 20 லிட்டர் கேன் இரண்டு என்றால் கேரியர் பக்கம் 40 கிலோ. பின்பாரம் ஏறினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். அந்த நிலையில் சடாரென்று ஒதுங்கச் சொல்வது விழச் சொல்வதுதான். இடியாப்பக்காரர், பால்காரர், இளநீர்க் குலை கட்டி வருகிறவர் எல்லாருக்கும் இதே கதி.

ஜூலை 4, வெள்ளி

முந்துவது பற்றி. நாம் 30 கி.மீ. வேகம், முன்னால் போகிறவர் 12 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 18; நொடிக்கு 5 மீட்டர். 20 மீட்டர் தள்ளி மணி அடித்தால் அவருக்கு 4 நொடி கிடைக்கும். 5 மீட்டரில் அடித்தால் ஒரே நொடி. அந்த ஒரு நொடியில் மனிதர் செய்யக்கூடியது திரும்பிப் பார்ப்பது மட்டும்தான். வலது தோள் வழியே திரும்பினால் ஹேண்டிலும் வலப்பக்கம் இழுபடும், சரியாக நாம் வரும் பாதைக்குள். கிட்ட வந்து அடிக்கும் மணி விபத்தைத் தடுப்பதை விட வரவழைப்பதே அதிகம்.

ஆகவே 20 மீட்டரில் ஒரு தடவை மணி. 10 மீட்டரில் குரல்: "அண்ணா, ரைட்ல வர்றேன்." மிதிப்பதை நிறுத்தி வேகத்தை 20-க்குக் கொண்டுவந்து, பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துவிட்டு, பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் விட்டுக் கடக்க வேண்டும். கடந்ததும் உடனே இடப்பக்கம் வெட்டக் கூடாது. இரண்டு சைக்கிள் நீளமாவது போன பிறகு உள்ளே வரலாம். இடப்பக்கமாக முந்துவது எந்த நிலையிலும் வேண்டாம், மணி கேட்டதும் பழக்கத்தில் அவர் ஒதுங்குவது இடது பக்கம்தான்.

மணியே இல்லாமல், மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்து அச்சில் இருக்கும் ஃப்ரீஹப் எழுப்பும் கரகரப்பை எச்சரிக்கையாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்க்காற்றிலும் லாரிச் சத்தத்திலும் அது யார் காதிலும் விழாது. ஹேண்டிலில் ஒரு பித்தளை மணி ஐம்பது கிராம் கூட வராது.

ஜூலை 6, ஞாயிறு

குழுவாகப் போகும்போது இடைவெளி. புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு ஒட்டிப் போகலாம்?" என்பது. பதில் முன்னால் போகிறவரின் பிரேக்கில் இருக்கிறது.

முன்னவர் பிரேக் பிடித்ததைக் கண் பார்த்து, பின்னவரின் விரல் லீவரை இழுக்க முக்கால் நொடியாவது ஆகும். இருவரும் ஒரே வேகத்தில் வரும்போது முன்னவர் அழுத்திப் பிடித்தால், அதாவது நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், அந்த முக்கால் நொடியில் இடைவெளி ஏறக்குறைய 85 செ.மீ. சுருங்கிவிடும். மெதுவாகப் பிடித்து 1 மீட்டர் வீதம் குறைத்தால் சுருங்குவது 30 செ.மீ.க்குள்தான். குழுவில் வழக்கமாக விடுவது அரை மீட்டர். மெதுவான பிரேக்கை அந்த அரை மீட்டர் தாங்கும். அழுத்திய பிரேக்கைப் பின்னவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தாங்காது. இதனால்தான் முன்னால் இருப்பவரின் விரலில் பின்னால் வருகிற எல்லாருடைய தோள்பட்டை எலும்பும் இருக்கிறது என்கிறோம். புதியவர்கள் ஒன்றரை மீட்டர் விடட்டும். முன்னவர் உடம்பு எதிர்க்காற்றைத் தடுத்துத் தரும் மறைவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பிரேக் தொடாமலே வேகம் குறைக்க வழி உண்டு. மிதியை விடாமல் பலத்தை மட்டும் எடுத்து வெறுமனே சுற்றலாம். நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் காற்று வாங்கலாம். அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து மறைவை விட்டு வெளியே வரலாம். மூன்றும் சேர்ந்தால் 2, 3 கி.மீ. வேகம் சத்தமில்லாமல் இறங்கும்.

அடுத்தது சக்கரம் மேல் சக்கரம். நம் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் புகுந்திருக்கும்போது அவர் ஒரு குழிக்காக நகர்ந்தால், அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நாம். முன்சக்கரத்தைத் திருப்பித் திருப்பித்தான் சைக்கிள் சாயாமல் நிற்கிறது. அந்தச் சக்கரம் உரசி மாட்டிக்கொண்டால் நிமிர வழியே இல்லை. எனவே எப்போதும் அவர் சக்கரத்துக்குப் பின்னால், ஒரு கை அகலம் பக்கத்தில் தள்ளி. பார்வை அவர் டயரில் இருக்கக் கூடாது, அவர் தோளுக்கு மேலே, இரண்டு மூன்று பேருக்கு அப்பால் இருக்க வேண்டும்.

சீட்டை விட்டு எழுந்து மிதிப்பவர்களுக்கு ஒன்று. எழும் நொடியில் மிதி தளர்வதால் சைக்கிள் பின்னால் வருவது போல ஆகும். பின்னால் ஒட்டி வருகிறவர் வந்து இடிப்பார். ஒரு கியர் கடினமாகப் போட்டு, கால் கீழே அழுத்தும்போதே எழுந்தால் அந்தத் தளர்வு இருக்காது. முட்டுக்காடு பாலத்து ஏற்றத்தில் இதைக் கவனிக்காதவர்களால் வருகிற திட்டுகள் ஏராளம்.

ஜூலை 7, திங்கள்

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது. சந்திப்பில் முன்னால் போகிறவர் "கிளியர்!" என்று கத்துவது அன்பான பழக்கம் போலத் தெரியும். எட்டாவது ஆள் அங்கே வந்து சேர 2, 3 நொடி ஆகும். அதற்குள் ஒரு ஆட்டோ வந்துவிடும். அந்தச் சொல்லையே விட்டுவிடலாம். "பின்னாடி வண்டி", "குழி", "மணல்", "ஸ்லோ", "ஸ்டாப்" போதும். ஆபத்தைச் சொல்லலாம், ஆபத்து இல்லை என்று இன்னொருவருக்காகச் சொல்லக் கூடாது.

கை சாடை: குழியைக் கையால் காட்டுவது 15 மீட்டருக்கு முன்பே நடக்க வேண்டும், அந்தக் குழி இருக்கும் பக்கத்துக் கையால். நிறுத்தியிருக்கும் ஆட்டோவோ பஸ்ஸோ இடப்பக்கம் வந்தால் இடது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து வலப்பக்கம் ஆட்டினால் போதும். ரோடு மோசமாக இருக்கிற இடத்தில் கை ஹேண்டிலிலேயே இருக்கட்டும், வாய் பேசட்டும். ஒவ்வொரு விரிசலுக்கும் கை நீட்டினால் பெரிய குழி வரும்போது யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஜூலை 11, வெள்ளி

ஜூலையில் சென்னையில் சூரியன் எழ 5.45 தாண்டிவிடும். ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு முக்கால் மணி நேர இருட்டு. எதிரே வரும் சைக்கிளின் விளக்கு கண்ணில் அடிப்பது கார் ஹைபீமுக்குக் குறைந்ததில்லை, அதுவும் மினுக்கினால் தூரத்தைக் கணிக்கவே முடியாது. ஜெர்மனியில் சைக்கிளின் முன்விளக்கு மினுக்கக் கூடாது, எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கக் கூடாது என்பது சட்டம். பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1200 கி.மீ. சைக்கிள் ஓட்டத்திலும் மினுக்கும் பின்விளக்குக்கு அனுமதி கிடையாது.

விளக்கின் சாய்வை வீட்டிலேயே சரிபார்க்கலாம். சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், வெளிச்சத்தின் நடுப்பகுதி சுவரில் அரை மீட்டர் உயரத்தில் விழ வேண்டும். அப்படியானால் ரோட்டில் அது 10 மீட்டர் முன்னால் தரையைத் தொடும். ஓட்டும்போது இருக்கிற பாரத்தோடு, ஒருவர் சீட்டில் உட்கார்ந்த நிலையில் பார்ப்பது நல்லது. விளக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டை குலுக்கலில் நழுவும். டோல்கேட்டுக்கு முன் இருக்கும் வேகத்தடைக் கோடுகளைத் தாண்டியதும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

குழுவில் பின்விளக்கு மினுக்கலாம் என்றால் கடைசி ஆளுக்கு மட்டும். மற்றவர்கள் நிலையான மங்கலான சிவப்பு. அரை மீட்டர் பின்னால் இருப்பவரின் கண்ணில்தான் அது அடிக்கும்.

ஜூலை 14, திங்கள்

பள்ளி விடும் நேரம். மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு வருவார்கள். அவர்களை ஒழுங்குபடுத்துவது நம் வேலையில்லை. வேகத்தை 12-க்குக் கொண்டுவந்து, "தம்பி, பாப்பா, பின்னாடி வர்றேன்" என்று ஒரு குரல். அவர்கள் ஒற்றை வரிசையாகும் வரை பின்னாலேயே உருளலாம்.

எதிர்த்திசையில் வருகிறவர்கள் விஷயம் சிக்கலானது. நடுத்தடுப்பில் திறப்பு தூரத்தில் இருந்தால் 200 மீட்டர் போக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அதனால் ஓரமாக எதிரே வருகிறார்கள். இருவருமே ஓரத்துக்கு ஆசைப்பட்டால் மோதல். விதிப்படி ஓரம் நமக்குச் சொந்தம். பாரம் ஏற்றிய முதியவரை விதி பேசி வண்டிகளுக்கு நடுவே தள்ளிவிட முடியாது. நாம் முதுகுக்குப் பின்னால் வருவதைப் பார்க்காமல் வெளியே போகவும் கூடாது. 30 மீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்த்து, வண்டி இல்லை என்றால் நாம் வெளியே சுற்றிப் போகலாம். வண்டி வந்தால் ஓரத்தில் கால் ஊன்றி நின்றுவிடலாம். எதிரே வருகிறவருக்கு வரும் வண்டிகள் கண்ணுக்கு நேரே தெரியும். நேரம் பார்த்து நம்மைச் சுற்றிப் போவார், அல்லது அவரும் இறங்கி நிற்பார். திட்டு எதற்கு? திறப்பு வைக்காதது அவரில்லையே.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது, காற்றும் வந்துவிட்டது. காலையில் மேற்கிலிருந்து, அதாவது தரைப் பக்கமிருந்து வீசும். தெற்கே போகும்போது அது நமக்கு வலப்பக்கம். திரும்பும்போது இடப்பக்கம். நேரம் ஏற ஏறக் கடற்காற்று புகுந்து கிழக்கிலிருந்து திரும்பவும் கூடும்.

பக்கக் காற்றில் மறைவு நேர் பின்னால் கிடைக்காது, காற்று போகும் பக்கத்தில் சற்றுத் தள்ளிக் கிடைக்கும். வலமிருந்து காற்றடித்தால் பின்னால் வருகிறவருக்கு மறைவு இடது பின்பக்கம். அப்போது முன்னால் போகிறவர் ஓர வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போனால், பின்னவர்கள் மறைவு தேடி மணலுக்குள் போக வேண்டிவரும். முன்னவர் தனக்கு இடப்பக்கம் 70 செ.மீ. இடம் விட்டு ஓட்டுவதுதான் மரியாதை. திரும்பும் வழியில் காற்று இடமிருந்து. அப்போது அவர் ஓரத்தை ஒட்ட வேண்டும். பின்னவர்கள் வலப்பக்கம் சாய்வார்கள், வண்டிகள் பக்கம். அந்தச் சாய்வு ஒரு தோள் அகலத்துக்கு மேல் போகக் கூடாது.

தொலைக்காட்சியில் பார்க்கும், சாலையின் குறுக்கே சாய்வாகப் பரவிப் போகும் விசிறி வரிசை, வண்டிகளுக்கு மூடிய பந்தயச் சாலைக்கு உரியது. அதற்குச் சக்கரம் மேல் சக்கரம் போயே ஆக வேண்டும். ஈ.சி.ஆரில் வேண்டாம். ஒற்றை வரிசை, ஆளுக்கு ஒரு நிமிடம் முன்னணி, அவ்வளவு போதும். முறை முடிந்தவர் எந்தப் பக்கம் விலகுவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். பாலத்தின் மேல் முறை மாற்றவே கூடாது. காற்று திடீரென்று திறக்கும் இடம் அது.

ஜூலை 20, ஞாயிறு

தெரியாதவர் பின்னால் ஒட்டுவது: கேட்டுவிட்டு ஒட்டுங்கள். "வீல் பிடிச்சு வரலாமா?" என்றால் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் வந்தால், பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் அவர் பிரேக் பிடிப்பார், மூக்கைச் சிந்துவார், குழியைக் காட்டாமல் போவார். நாமாக மூக்கைச் சிந்துவதென்றால் வரிசையின் கடைசிக்குப் போய், காற்று போகும் பக்கம்.

ஜூலை 26, சனி

ஓரத்தில் நிற்கும் சைக்கிளைக் கண்டால் வேகத்தைக் குறைத்து "எல்லாம் இருக்கா?" என்று கேட்பது இந்தச் சாலையின் நல்ல வழக்கம். ரேஸ் சைக்கிள் என்றால் மட்டும் கேட்பது அதன் கெட்ட பாதி.

பழைய சைக்கிளுக்கு நம் ரேஸ் சைக்கிளின் 700×25 அளவு டியூப் உதவாது. அதன் டயர் 28×1½. ஆனால் பஞ்சர் பேட்ச் எல்லாருக்கும் பொது. சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, பளபளப்பு போய் மங்கும் வரை மூன்று நான்கு நிமிடம் விட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் பேட்ச் கிளம்புகிறது. டியூபைத் திரும்ப உள்ளே விடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் சீமைக்கருவேல முள்தான் அதிகம். நுனி உள்ளேயே ஒடிந்திருக்கும்.

பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கியிருந்தால் வால் டியூபைச் சந்தேகப்படுங்கள். வால்வைக் கழற்றினால் அதன் மேல் மாட்டியிருக்கும் அந்த மெல்லிய ரப்பர் குழல் வெடித்திருக்கும். இரண்டரை செ.மீ. வெட்டி, எச்சிலால் நனைத்து, பக்கவாட்டுத் துளை மறையும் வரை ஏற்றி முடுக்குங்கள். ரேஸ் சைக்கிளின் மெல்லிய வால்வான பிரெஸ்டாவுக்கான நம் பம்பு அந்த வால்விலும் பிடிக்கும். 40 பி.எஸ்.ஐ. போதும், நம் டயருக்கு ஏற்றுவது போல 80 ஏற்றினால் பழைய டயர் ரிம்மை விட்டுக் கிளம்பிவிடலாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் பையில் ஒரு விரல் நீளம் வால் டியூப் எப்போதும் இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், ரப்பர் வெயிலில் காய்ந்து விரிசல் விடும். பேட்ச் டப்பாவில் இருக்கும் சொல்யூஷன் ட்யூபையும் அப்போதே அழுத்திப் பாருங்கள். ஒரு தடவை திறந்தது சில மாதங்களில் உள்ளேயே உறைந்துவிடும்.