சொல்லாம விட்ட ஒரு வரியால ஒரு வாரம் போச்சு

பீரியட்ஸ் ரெண்டாம் நாள், இப்போ ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி காண்டம் இல்லாம சேர்ந்தோம். பத்து நாள்ல அடிவயித்துல இழுத்துப் பிடிக்கிற வலி, வெள்ளைப்படுறது, யூரின் போனா எரிச்சல்.

முதல் தடவை போனப்ப ரிசப்ஷன்ல இருந்தவங்க எல்லார் முன்னாடியும் "என்ன பிரச்சனை, சத்தமா சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு வாயே வரல, எரிச்சல்னு மட்டும் சொன்னேன், உள்ள டாக்டரும் அதையே வச்சு செக் பண்ணாம யூரின் இன்ஃபெக்ஷன் மாத்திரை எழுதிட்டார். அஞ்சு நாள் சாப்பிட்டும் வலி அப்படியே இருந்துச்சு. தயவுசெஞ்சு வெக்கப்படாதீங்க, சொல்ல முடியலன்னா ஒரு சீட்டுல எழுதி நீட்டுங்க. ரெண்டாவது டாக்டர்கிட்ட நான் அப்படித்தான் "பீரியட்ஸ்ல சேர்ந்தோம், காண்டம் போடல"ன்னு எழுதிக் குடுத்தேன், அவங்க உடனே உள்ள செக் பண்ணி ஸ்வாப் (பஞ்சுக்குச்சியில சாம்பிள்) எடுத்தாங்க. கிளமிடியா, அதாவது உடலுறவுல தொத்துற ஒரு பாக்டீரியா கிருமி, கர்ப்பப்பை வரைக்கும் ஏறியிருக்கு.

பீரியட்ஸ் ரத்தத்தால நோய் வராதாம், ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட கிருமி இருக்கணும். ஆனா அந்த நாள்ல கர்ப்பப்பை வாய் கொஞ்சம் திறந்திருக்கும், ரத்தம் பட்டு உள்ள இருக்கிற அமிலத்தன்மையும் குறையும், கிருமி மேல ஏற அது வழியாயிடும்னாங்க. பொண்ணுக்கு எச்ஐவி, ஹெபடைடிஸ் பி மாதிரி ரத்தத்துல கிருமி இருந்தா, அது ஆணுக்கும் தொத்தலாம். கர்ப்பம் ஆகாதுங்கிறதும் நிச்சயமில்ல, விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்குமாம், அதுக்குள்ள கருமுட்டை வந்துட்டா கர்ப்பமாகலாம்.

எனக்கு ஒரு ஊசி, 14 நாள் மாத்திரை. இவருக்கு 7 நாள், ஆனா "எனக்குதான் ஒண்ணுமே இல்லையே"ன்னு ரெண்டு நாள் அடம். நிறைய பேருக்கு அறிகுறியே தெரியாது, மாசக்கணக்கா உள்ளயே இருக்கும், அதனால யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு சண்டை போடறது வீண், அவர் சாப்பிடலன்னா எனக்குத் திரும்ப வரும்னு அழுதுட்டேன். அப்புறம்தான் டெஸ்டுக்குக் கிளம்பினார், அங்க போனா இப்பதான் யூரின் போயிட்டு வந்தீங்களா, ஒரு மணி நேரமாவது போகாம இருந்து முதல்ல வர்றத பிடிக்கணும், நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ரெண்டு பேரும் மாத்திரை முடியுற வரைக்கும் சேரல. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட், ரெண்டுமே நெகட்டிவ். ரிப்போர்ட்ட ரெண்டு தடவை படிச்சுட்டு ஒண்ணும் பேசாம என் கையில குடுத்தார்.