கெராமட் சாலையில் கேட்ட சத்தம்

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த மச்சான், சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "பினாங்கு கால்பந்துக் குழுவா? அந்த ஃப்ரீகிக் கோல் போட்டாங்களே, அவங்கதானே?" ஆமாம், அவங்கதான். ஆனால் ஒரு கோலோடு முடிகிற கதையில்லை இது. அவனிடம் அரைமணி நேரம் பேசியும் தீராததால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஸ்டேடியத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. குழு ஆடுகிற இடம் பினாங்கில் டத்தோ கெராமட் சாலையில் இருக்கிற சிட்டி ஸ்டேடியம், 1932-ல் கட்டியது. புதிய ஸ்டேடியங்கள் மாதிரி ஊருக்கு வெளியே, கார் இல்லாமல் போக முடியாத இடத்தில் இல்லை. கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே இருக்கிறது, வேலை முடிந்து நடந்தே போய்விடலாம். அங்கே கூட்டம் எழுப்புகிற சத்தத்துக்கே 'கெராமட் ரோர்' என்று பெயர் உண்டு. எங்கள் அத்தை வீடு பக்கத்துத் தெருவில்தான். அத்தை ஆட்டம் பார்க்கப் போனதே கிடையாது, ஆனால் அடுப்படியில் நின்றபடியே "நம்ம ஆளுங்க போட்டுட்டாங்க", "போச்சு, அவங்க போட்டுட்டாங்க" என்று சொல்லிவிடுவார். நம் கோலுக்குச் சத்தம் மேலே ஏறும், எதிரணி கோல் போட்டால் திடீரென்று தெருவே அமைதியாகிவிடும், அதுதான் கணக்கு.

மாநிலக் குழுக்கள் மோதுகிற மலேசியக் கிண்ணப் போட்டி 1921-ல் மலாயா கிண்ணமாகத் தொடங்கியது. எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் இங்கே வந்து போன பிறகு, அந்தக் கப்பல்காரர்கள் கொடுத்த கிண்ணம் அது. சிங்கப்பூரும் சிலாங்கூரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போன காலத்தில் பினாங்கு 1953 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷமே, 1954-ல், மறுபடியும் ஜெயித்தார்கள், அப்புறம் 1958-ல். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த மூன்று வருஷங்களையும் அவர் குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளை வைத்துத்தான் சொல்வார். பெரியப்பா முதல் கிண்ணத்துக்கு, அப்பா இரண்டாவதுக்கு அடுத்த வருஷம், சின்ன அத்தை மூன்றாவதுக்கு.

நான்காவது 1974. இறுதி ஆட்டத்தில் பக்கத்து மாநிலமான பேராக்கை 2-1 என்று ஜெயித்தார்கள். அந்தக் குழுவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான், ஒரே குழுவில் இரண்டு அண்ணன் தம்பி ஜோடிகள்: தற்காப்பில் நாமாட் அப்துல்லா, முன்னால் அவர் சகோதரர் ஷஹாருடின் அப்துல்லா, இன்னொரு பக்கம் ஈசா பக்காரும் அலி பக்காரும். நாமாட்டும் ஷஹாருடினும் 1972-ல் மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஆடிவிட்டு வந்தவர்கள். அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. காப்பிக் கடை வானொலியைச் சுற்றி நின்று கேட்டாராம், சீனர் கடை, மலாய்க்காரர்கள், நம்மவர்கள் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி. கடைக்காரர் அன்றைக்குக் காப்பிக்குக் காசு வாங்கவில்லை என்பதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு மலேசியக் கிண்ணம் பினாங்குக்கு வரவே இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

லீக் பட்டம் வந்தது: 1982, 1998, 2001. பிறகு 2002-ல் நாட்டின் இன்னொரு கிண்ணப் போட்டியான எஃப்.ஏ. கிண்ணம், அதிலும் எதிரில் பேராக்தான். 1998 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பன்னிரண்டு வயது, அப்பாவின் மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவேன். நீலமும் மஞ்சளுமாகச் சட்டைகள், படிக்கட்டில் கச்சான் விற்கிறவர், மழை வந்தாலும் எழுந்து போகாத கூட்டம். மொராக்கோவிலிருந்து வந்த ஆட்டக்காரர் மெர்சாகுவாவுக்குப் பந்து போனாலே எல்லாரும் எழுந்து நின்றுவிடுவார்கள், எனக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும், அப்பா தூக்கிக் காட்டுவார்.

பிறகு சரிவு. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. 2001-ல் நாட்டின் சாம்பியனாக இருந்த குழு 2013-ல் மூன்றாம் நிலை லீக்கில் ஆடியது. நானும் சில ஆட்டங்களுக்குப் போனேன். பயிற்சியாளர் கத்துவது மேல் படி வரைக்கும் தெளிவாகக் கேட்டது, அவ்வளவு காலி. வழக்கமாக வரும் கிழவர்கள் மட்டும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து இரண்டு படி ஏறி 2016-ல் முதல் நிலை லீக்கான சூப்பர் லீக்குக்குத் திரும்பினார்கள்.

அந்த வருஷம் பிப்ரவரி 16, செவ்வாய்க்கிழமை, பஹாங்கோடு ஆட்டம். எனக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை, அப்பா மட்டும் போயிருந்தார். ஓய்வு நேரத்தில் போன் வந்தது. "டேய், பந்து ஒரு பக்கம் போச்சுடா, அப்புறம் இன்னொரு பக்கம் திரும்புச்சுடா" என்கிறார், அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை, பின்னால் அந்தச் சத்தம். எத்தனையோ வருஷம் கழித்து அதைக் கேட்டேன், போன் வழியாக. மறுநாள் வீடியோவில் பார்த்தபோதுதான் அப்பா சொன்னது அப்படியே உண்மை என்று புரிந்தது: கோல்கீப்பர் ஒரு பக்கம் நகர்கிறார், பந்து காற்றிலேயே மனதை மாற்றிக்கொண்டு மறுபக்க மூலையில் இறங்குகிறது. ஆட்டம் 4-1. 2017 ஜனவரியில், அந்த ஃப்ரீகிக் கோலைப் போட்ட ஃபைஸ் சுப்ரி, வருஷத்தின் சிறந்த கோலுக்கு ஃபிஃபா கொடுக்கிற புஸ்காஸ் விருதை ஜூரிக் மேடையில் வாங்கினார், அதை வாங்கிய முதல் ஆசியர் அவர்தான். கொடுத்தவர் பிரேசிலின் ரொனால்டோ. நன்றியுரையைத் தேடி ஃபைஸ் கைபேசியைத் தடவிக்கொண்டு நின்ற அந்தச் சில விநாடிகளில் எங்கள் வீட்டில் யாரும் மூச்சே விடவில்லை.

அதே 2017-ல் குழு கடைசி இடத்துக்கு வந்து மறுபடி கீழே இறங்கியது. உலகமே பார்த்த கோலுக்குச் சொந்தமான ஊர், பத்து மாதத்தில் இரண்டாம் நிலை லீக்கில். மச்சானுக்கு இது தெரியாது, அந்தக் கோலைப் பார்த்தவர்கள் நிறைய பேருக்குத் தெரியாது. 2020-ல் அந்த லீக்கை ஜெயித்துத் திரும்பி வந்து, 2021-ல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தார்கள் என்பதும் தெரியாது.

அப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. மேல் படிக்கு ஏற முடியாததால் கீழேயே உட்காருகிறோம். அங்கிருந்து ஆட்டம் சரியாகத் தெரியாது என்று ஒவ்வொரு தடவையும் குறை சொல்வார், ஆனால் அடுத்த ஆட்டம் எப்போது என்று அவர்தான் முதலில் கேட்பார்.