டர்போவுக்கு எந்த ஷார்ட் பிளாக்?

தினமும் ஓட்டும் டர்போ காருக்கு ஷார்ட் பிளாக் (சிலிண்டர் ஹெட் இல்லாமல், பிஸ்டன், கிராங்க் பூட்டி வரும் எஞ்சினின் கீழ்ப்பகுதி) தேடுபவர்கள் முதலில் கேட்பது எத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்றுதான். நான் முதலில் பார்ப்பது பிஸ்டனை. கடுமையான நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வந்தால் வார்ப்பு பிஸ்டன் ரிங் பள்ளத்தருகே உடைந்துபோகலாம். ஃபோர்ஜ்டு, அதாவது அழுத்தி அடித்து உருவாக்கிய பிஸ்டன் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

அதிலும் 2618 அலுமினியக் கலவை அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் சிலிண்டரில் இடைவெளி கூட்டி விட வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் லொடலொடவென்று சத்தம். இன்னொரு கலவையான 4032-இல் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். விரிவும் சத்தமும் குறைவு. அளவான பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்), ஒழுங்கான டியூனிங் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, எதை வாங்கினாலும் பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளியை டர்போ இல்லாத எஞ்சின் அளவுக்கே வைத்துவிடாதீர்கள். சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டால் ஃபோர்ஜ்டு பிஸ்டனும் காப்பாற்றாது. அப்புறம், பூஸ்ட் ஏற்றும் ஆசை இருந்தால் பிளாக் ஓப்பன் டெக்கா (சிலிண்டர்களின் மேல்முனையைச் சுற்றித் தாங்கல் இல்லாதது), குளோஸ்டு டெக்கா (தாங்கல் உள்ளது) என்றும் கேட்டுவிடுங்கள்.