454 கிராமுக்குள் ஒரு சண்டை ரொபோ: மோட்டார் தேடிய நான்கு மாதங்கள்

முதல் சண்டை பதினொரு விநாடியில் முடிந்துபோனது. திருகோணமலை உப்புவெளியில் அக்கா வீட்டு விறாந்தையில், நான்கு பலகைகளை நிறுத்திக் கட்டிய சதுரத்துக்குள், என் ரொபோவும் மருமகனின் ரொபோவும் தலையோடு தலை முட்டி நின்றன. இரண்டும் தள்ளின. எதுவும் நகரவில்லை. பிறகு என்னுடையதன் வலப்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. உள்ளே மோட்டார் ஓடியது, வெளியே சில்லு அசையவில்லை. திறந்து பார்த்தால், பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் மூன்று பற்கள் மழுங்கிக் கிடந்தன.

"மாமா, உங்களுடைய மோட்டார் சரியில்லை" என்றான் மருமகன். அவனுடையதிலும் அதே மோட்டார்தான் இருந்தது. டிசம்பர் விடுமுறையில் நடந்த அந்தப் பதினொரு விநாடிக்குப் பிறகு இன்றுவரை செய்து பார்த்தவற்றை எழுதி வைக்கிறேன். உறுப்புகள் வாங்க இங்கிருந்து கொழும்பு புறக்கோட்டைக்கு இரவு பஸ் ஏற வேண்டும். தவறாக ஒன்றை வாங்கினால் பணத்தோடு ஒரு பயணமும் வீண். அதனால் இது யாருக்காவது உதவட்டும்.

சண்டை ரொபோக்களை எடைப்படி வகுக்கிறார்கள். பிரிட்டனில் எறும்பு வகை என்றால் 150 கிராம். நான்கு அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கவும் வேண்டும். அமெரிக்காவில் அதே பெயருக்கு ஒரு இறாத்தல், அதாவது 454 கிராம். நாங்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டோம். 150 கிராமுக்குள் வேலை செய்யத் தேவையான மிகச் சிறிய உறுப்புகள் கைக்குக் கிடைப்பது கடினம். 454 கிராம் என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

முதல் ரொபோவில் நான் போட்டவை, பள்ளிக்கூடச் செயற்றிட்டங்களில் எல்லோரும் போடுகிறவைதான்: மஞ்சள் பெட்டி வடிவ மோட்டார் இரண்டு, மோட்டாருக்கு மின்னைக் கட்டுப்படுத்திக் கொடுக்கும் எல்298என் பலகை ஒன்று, பழைய மடிக்கணினிப் பற்றறியிலிருந்து கழற்றிய உருளைக் கலங்கள் இரண்டு. சமையலறைத் தராசில் வைத்தபோது இவை மட்டுமே 180 கிராமைத் தாண்டின. சட்டகமும் இல்லை, ஆயுதமும் இல்லை, எடையில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. எல்298என் பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. ஒரு அம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 2 வோல்ட்டை அது தானே எடுத்துக்கொள்ளும். 7.4 வோல்ட் பற்றறியில் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது ஐந்தரைக்கும் குறைவு. மிச்சம் முழுவதும் சூடு. அந்தப் பெரிய அலுமினியத் தகடு அந்தச் சூட்டுக்காகவே இருக்கிறது. கற்றுக்கொள்ள நல்ல பலகை, சண்டைக்கு உதவாது.

என்ன மோட்டார் வாங்குவது என்று நான் வேகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், வீட்டுக் கிணற்றுப் பம்ப் எரிந்துவிட்டது. மோட்டார் சுற்றும் கடைக்கு அதைக் கொண்டுபோனேன். கடைக்காரர் கறுத்துப்போன கம்பிச் சுருளை வெட்டி எடுத்துக்கொண்டே, "தம்பி, ஓடுகிற மோட்டார் எரியாது. மண் சிக்கி இறுகி நின்றிருக்கும். நிற்கிற மோட்டார்தான் கரண்ட் குடிக்கும்" என்றார்.

அதைக் கேட்டதும் விறாந்தைச் சண்டை கண்முன் வந்தது. தலையோடு தலை முட்டி நின்ற அந்தப் பதினொரு விநாடியும் எங்கள் நான்கு மோட்டார்களும் நின்ற மோட்டார்கள்தான்.

உயர்தரப் பௌதிகவியலில் பின் மின்னியக்க விசை என்று படித்தது இதைத்தான். நேரோட்ட மோட்டார் சுழலும்போது தானும் ஒரு வோல்ட்டளவைப் பிறப்பித்துப் பற்றறியை எதிர்க்கிறது. அதனால் மின்னோட்டம் குறைகிறது. சுழற்சி நின்றால் எதிர்ப்பு இல்லை. சுருளின் தடை ஒன்றுதான் தடுக்கும். சண்டை ரொபோ தன் வாழ்நாளின் முக்கியமான விநாடிகளை எல்லாம் இந்த நிலையில்தான் கழிக்கிறது: எதிரியைச் சுவரோடு அழுத்தும்போது, சில்லு எதிரியின் அடியில் சிக்கும்போது, நின்ற நிலையிலிருந்து திடீரெனப் பாயும்போது. ஆகவே இலத்திரனியல் உறுப்புகளை மோட்டார் ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்துக்குத் தெரிவு செய்வது பிழை. நிற்கும்போது எடுப்பதைத்தான் பார்க்க வேண்டும். விற்பவர்களின் விளம்பரத்தில் பெரும்பாலும் இருப்பது முதல் எண்.

அடுத்து வாங்கியது என்20 என்ற சிறு மோட்டார். உலோகப் பற்சக்கரப் பெட்டியோடு ஏறத்தாழ 10 கிராம், 6 வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 500 சுற்று. ஆறு வாங்கினேன். இரண்டு போதும்தான், ஆனால் ஒரே பையிலிருந்து எடுத்த இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் ஓடும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு அச்சிலும் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கைப்பேசியின் மெதுவோட்டப் பதிவில் சுற்றுகளை எண்ணினேன். கிட்டத்தட்டச் சமமாக ஓடிய இரண்டை இணை சேர்த்தேன்.

பிறகு நிற்கும்போது எடுக்கும் மின்னோட்டம். பல்மானியை 10 அம்பியர் வரிசையில் வைத்து, பற்றறிக்கும் மோட்டாருக்கும் நடுவே தொடராக இணைத்தேன். 6 வோல்ட் கொடுத்தபோது திரையில் 0.09. குறடால் அச்சை மெல்லப் பிடிக்கப் பிடிக்க எண் ஏறியது: 0.4, 0.8, 1.1. அச்சு முழுதாக நின்ற கணத்தில் 1.3. குறட்டின் வழியே ஒரு சிறு அதிர்வு விரலுக்கு ஏறியது. உடனே விட்டுவிட்டேன்; இரண்டு விநாடிக்கு மேல் பிடித்தால் மோட்டாருக்குள் மின்னைக் கடத்தும் தூரிகைகளுக்குக் கேடு. சும்மா ஓடுவதற்கும் நிற்பதற்கும் இடையே பதினான்கு மடங்கு! இதை ஒருமுறை தன் கையால் செய்து பார்க்காதவர் மோட்டார் வாங்கக் கூடாது என்றே சொல்வேன்.

6 வோல்ட்டில் 1.3 அம்பியர் என்றால் 7.4 வோல்ட்டில் 1.6. முழுதாக மின்னேற்றிய இரு கல லைப்போ (லிதியம் பொலிமர்) பற்றறி 8.4 வோல்ட் தரும், அப்போது 1.8. எல்298என்னுக்குப் பதிலாக எனக்குப் பிடித்திருந்த டிஆர்வி8833 பலகை ஓரிரு கிராம்தான், 10.8 வோல்ட் வரை தாங்கும், ஆனால் ஒரு மோட்டார்ப் பக்கத்துக்குத் தொடர்ச்சியாக 1.5 அம்பியர் என்றுதான் தரவுத்தாள் சொல்கிறது. கொஞ்சம்தானே கூட என்று பூட்டிவிட்டேன்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் இரண்டாம் சண்டை. வேகம் நன்றாக இருந்தது. 40 மில்லிமீற்றர்ச் சில்லோடு கணக்குப்படி விநாடிக்கு 1.3 மீற்றர், எங்கள் சிறிய சதுரத்துக்கு அதற்கு மேல் வேண்டாம். ஆனால் மருமகனுடையதைச் சுவரோடு அழுத்திய சில விநாடிகளில் என் ரொபோ விக்கத் தொடங்கியது. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். தொலை இயக்கியின் சமிக்ஞையைப் பெறும் வானொலி வாங்கி மீது சந்தேகப்பட்டு ஒரு கிழமையை வீணாக்கினேன். அன்டெனாவை மாற்றினேன், இணைப்புகளை எல்லாம் மறுபடி ஈயம் வைத்தேன். கடைசியில் சில்லைக் கையால் பிடித்துக்கொண்டு சிப்பின் மேல் விரலை வைத்தபோது விரல் சுட்டது. அந்தச் சிப் அளவுக்கு மீறிச் சூடானதும் தன்னைத் தானே நிறுத்தி, ஆறியதும் திரும்ப ஓட விடுகிறது. பழுது எதுவும் இல்லை. அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

தீர்வு தரவுத்தாளிலேயே இருந்தது. அந்தச் சிப்பின் இரண்டு பக்கங்களையும் சமாந்தரமாக இணைத்து ஒரே மோட்டாரை ஓட்டலாம். தாங்கும் அளவு 3 அம்பியராகும். ஒரு மோட்டாருக்கு ஒரு பலகை என்று இரண்டு போட்டேன். ஒரு பக்கத்தின் தடை 0.36 ஓம் அளவு, சமாந்தரமானால் அதில் பாதி. முன்பு 7.4 வோல்ட்டில், ஒரே சிப்பில் இரண்டு மோட்டார்களும் நிற்கும்போது 1.8 வாட் சூடு. இப்போது ஒவ்வொரு சிப்பிலும் அரை வாட்டுக்கும் குறைவு. கூடிய எடை இரண்டு கிராம். அதன் பிறகு ஒரு முறைகூட விக்கவில்லை. இந்த நான்கு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

வேறு சில விடயங்கள். சில்லுகளை வாங்க வேண்டாம். பழைய இறப்பர்ச் செருப்பின் அடியை, ஓரம் தீட்டிய இரும்புக் குழாயால் சுழற்றி வெட்டினால் அருமையான சில்லு கிடைக்கும். தரையைப் பிடிக்கும், அடியையும் உள்வாங்கும். கடினமான பிளாஸ்டிக் சில்லு அந்த அடியை நேராகப் பற்சக்கரத்துக்குக் கடத்திவிடும். ஃபிளைஸ்கை ஐ6 என்ற தொலை இயக்கியில் விமான இறக்கைக்காக வைத்திருக்கும் எலிவோன் கலவையை இயக்கினால், ஒரே கோலால் இரண்டு சில்லுகளையும் ஓட்டி, ரொபோவை யுத்த தாங்கிபோலத் திருப்பலாம். டிஆர்வி8833 வானொலி வாங்கியின் சமிக்ஞையை நேரடியாக ஏற்காது. நடுவே ஆர்டுயினோ நனோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று மொழிபெயர்க்கிறது. அதன் நிரலை மருமகன்தான் எழுதினான், திருத்தமாக.

பிறகு கடல். வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் வீட்டில் திறந்து வைத்த பற்றறி இணைப்பி மூன்று கிழமையில் பச்சை பூத்துவிட்டது. பச்சை பூத்த இணைப்பி தடையைக் கூட்டும். மோட்டார் நின்று பெரும் மின்னோட்டம் கேட்கிற நேரத்தில் வோல்ட்டளவு அங்கேயே விழுந்துவிடும். இப்போது எல்லாம் மூடி இறுகிய பிஸ்கட் டின்னில், ஈரம் உறிஞ்சும் சிறு பைகளோடு இருக்கின்றன. லைப்போவைக் கலத்துக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருக்கிறேன். மின்னேற்றுவது முற்றத்தில், மணல் பரப்பிய மண்சட்டிக்குள், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அக்கா விதித்த நிபந்தனை அது, முழுக்க நியாயமானது.

இனி ஆயுதம். தூரிகையில்லா மோட்டார் ஒன்று, 2204 அளவு: உள்ளே இருக்கும் நிலைப்பகுதி 22 மில்லிமீற்றர் விட்டம், 4 மில்லிமீற்றர் உயரம். 2300 கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு 2300 சுற்று, 7.4 வோல்ட்டுக்குச் சுமையில்லாமல் 17,000. அதன் மேல் 100 மில்லிமீற்றர் நீளம், 15 அகலம், 4 தடிப்புள்ள உருக்குப் பட்டம், அதாவது சுழன்று எதிரியை அடிக்கும் தட்டைச் சட்டம். எடை 47 கிராம்.

இங்கும் கடைக்காரர் சொன்னதுதான் திரும்ப வந்தது. இந்த மோட்டார்களும் அவற்றின் வேகக் கட்டுப்படுத்திகளும் டிரோன் விசிறிக்காகச் செய்யப்பட்டவை. விசிறி தொடக்கத்தில் இலேசு, வேகம் ஏறத்தான் காற்று எதிர்க்கும். உருக்குப் பட்டம் நேர்மாறு. நிற்கும்போதுதான் அது பாரம். உணரி இல்லாத கட்டுப்படுத்திக்கு, மோட்டார் சுழன்று பின் மின்னியக்க விசை எழும்வரை சுழலி எங்கே நிற்கிறது என்று தெரியாது. அதனால் பட்டம் முன்னும் பின்னும் நடுங்கியது, கம்பிகள் சூடேறின. கட்டுப்படுத்தியின் அமைப்பில் துவக்க வலுவை ஒரு படி கூட்டி, நனோவின் நிரலில் வேகத்தை இரண்டு விநாடி எடுத்து மெல்ல ஏற்றும்படி மாற்றியதும் நடுக்கம் போனது.

இதை எல்லாம் உருக்குப் பட்டத்தோடு ஓரிரு சுற்று மட்டும் ஓடவிட்டே பார்த்தேன். முழு வேகத்தில் இன்னும் ஓட்டவில்லை, காரணம் கணக்கு. வேகத்தை 10,000 சுற்றுக்கு மட்டுப்படுத்தினாலும் பட்டத்தின் நுனி விநாடிக்கு 52 மீற்றர், மணிக்கு 188 கிலோமீற்றர் வேகத்தில் போகும். அதில் அடங்கியிருக்கும் சக்தி ஏறத்தாழ 22 ஜூல்: ஒரு கிலோ இரும்புக்கட்டி இரண்டு மீற்றருக்கும் மேலிருந்து விழுவதற்குச் சமம். விறாந்தையில் பலகை வேலிக்குள் இதை ஓட்டுவது பைத்தியக்காரத்தனம். அதே அளவில் வெட்டுப்பலகைப் பிளாஸ்டிக்கில் ஒரு பட்டம் வெட்டினேன். ஆறு கிராமுக்கும் குறைவு, சக்தி எட்டில் ஒரு பங்கு. கதவடைத்த களஞ்சிய அறையில் தடித்த பலகைப் பெட்டிக்குள் வைத்து, வெளியே நின்று அதை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இயக்கியை அணைத்தால் பட்டமும் சில்லுகளும் உடனே மின் இழக்கின்றனவா என்பதை ஒவ்வொரு முறையும் முதலில் சோதிக்கிறோம். உருக்குப் பட்டத்தில் ஒரு துளை இட்டு, பெட்டிக்கு வெளியே இருக்கும்போதெல்லாம் சட்டகத்தோடு சேர்த்து ஆணியால் பூட்டி வைத்திருக்கிறேன்.

உண்மையான பெட்டிக்கு 6 மில்லிமீற்றர் பாலிகார்பனேட் தகடு கேட்டிருக்கிறேன். கண்ணாடிபோல் இருக்கும் அக்ரிலிக் மலிவு, ஆனால் அடிபட்டால் நொறுங்கித் தெறிக்கும். பாலிகார்பனேட் வளைந்து தாங்கும். சித்திரைப் புத்தாண்டு முடிந்து கடைகள் திறந்ததும் தகடு பஸ்ஸில் வரும்.

இப்போதைய எடை 431 கிராம். மருமகன் ஆயுதமே வேண்டாம் என்று முடிவு செய்து, நான்கு என்20 மோட்டார்களும் நான்கு டிஆர்வி பலகைகளும் போட்டு, தரையோடு தரையாகப் படிந்த ஆப்பு வடிவில் ஒன்று கட்டுகிறான். நான்கு மோட்டாரும் ஒன்றாக நின்றால் 7 அம்பியர் வரும் என்று அவனே குறடு பிடித்து அளந்து, பற்றறியையும் அதற்கேற்ப எடுத்துவிட்டான். என் பட்டம் முழு வேகத்துக்கு வருமுன் என்னைச் சுவரோடு சேர்த்துவிடுவதுதான் அவனுடைய திட்டம். எனக்கு அந்த இரண்டு விநாடியை ஒன்றாகக் குறைக்க வேண்டும். இன்றிரவு துவக்க வலுவை இன்னொரு படி கூட்டிப் பார்க்கப் போகிறேன்.