புளோரிடாவில் 'கையால் மறு எண்ணிக்கை' என்றால் என்ன?

எல்லாச் சீட்டையும் உட்கார்ந்து எண்ணுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

முதல் இருவருக்கும் இடையே வாக்கு வித்தியாசம் 0.5 சதவீதம் அல்லது அதற்குள் இருந்தால் முதலில் இயந்திரம்தான் மறுபடி எண்ணும். அதற்குப் பிறகும் 0.25 சதவீதத்துக்குள் நின்றால்தான் கை. அப்போதும், இயந்திரம் வாக்கே பதிவாகவில்லை என்று ஒதுக்கியவையும் அளவுக்கு மேல் குறி விழுந்தவையும் மட்டுமே மேசைக்கு வரும். இந்த இரண்டையும் கூட்டினாலும் முடிவு மாறாது என்றால் அதுவும் கிடையாது.

இருவர் குழு, கூடுமானவரை வேறு வேறு கட்சிக்காரர்கள். சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஓவலை (நீள்வட்டக் கட்டம்) நிரப்பாமல் பெயரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாலும் விருப்பம் தெளிவாகத் தெரிந்தால் செல்லும். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) தேர்தல் வாரியம் முடிவு செய்யும்.

2018 செனட் (அமெரிக்க நாடாளுமன்ற மேலவை) தேர்தல் கை எண்ணிக்கை வரை போனது. அதே நாள் நடந்த ஆளுநர் தேர்தலில் வித்தியாசம் 0.4 சதவீதம், இயந்திரத்தோடு முடிந்தது. பாம் பீச் கவுண்டியில் பழைய இயந்திரங்கள் சூடேறி, கெடு தவறி, முதல் எண்ணிக்கையே செல்லுபடியானது.

பிரோவர்ட் கவுண்டியில் சிக்கல் வேறு. செனட் போட்டியை நீண்ட அறிவுரைக்குக் கீழே, இடது மூலையில் அச்சிட்டுவிட்டார்கள். பல ஆயிரம் பேர் அதில் குறியே போடவில்லை. வெற்று ஓவலை எத்தனை கை புரட்டினாலும் அதிலிருந்து வாக்கு வராது.